சுடருக்கு ஒரு காவல்: வாயு நீர்சூடாக்கியின் பற்றவைப்பும் சுவாலை உணர்தலும் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

சென்ற ஆண்டு எமது துறையினர் மேற்கொண்ட களப்பயணத்தின்போது நுவரெலியாவில் ஒரு விடுதியில் இரண்டு இரவுகள் தங்க நேர்ந்தது. மார்கழி மாதக் குளிர். வெந்நீரின்றிக் குளிக்க எவருக்கும் துணிவில்லை. ஆயின் குளியலறைக்குப் பின்புறமாக வெளிச்சுவரிலே மாட்டப்பட்டிருந்த வாயு நீர்சூடாக்கி எமது தேவையைப் பொருட்படுத்துவதாக இல்லை. குழாயைத் திறந்ததும் 'டிக், டிக்' என்ற ஓசையுடன் தீப்பொறி பறக்கும். நீலச் சுவாலை எழும். சில விநாடிகள் கழிந்ததும் அது தானாகவே அணைந்துவிடும். எத்தனை முறை முயன்றாலும் இதே கதைதான். மறுநாட் காலை ஓர் இளந் திருத்துநர் வந்தார். மூடியைக் கழற்றினார். எரிவாயின் மேலே நீட்டிக்கொண்டிருந்த மெல்லிய கம்பியொன்றை வெளியே எடுத்து அரத்தாளினால் மெல்லத் துடைக்கத் தொடங்கினார். அருகில் நின்ற விடுதிக் காவலாளர் முதியவர். தொல்லை அடிக்கடி வருவதால் அவருக்குச் சலிப்பு. "தம்பி, இந்தக் கம்பிய நேரா முடிஞ்சு விட்டா என்ன? ஒவ்வொரு முறையும் உங்களைக் கூப்பிடத் தேவையில்லையே," என்றார். திருத்துநர் சிரித்தார், "அப்பிடிச் செய்யக்கூடாது ஐயா," என்றதோடு நிறுத்திக்கொண்டார்.

கலைப்பீட மாணவனாகிய எனக்கு அக்கம்பியின் பெயரும் அன்று தெரியாது. ஆயினும் முதியவரின் வினா மனத்தை விட்டு அகலவில்லை. பின்னர் நூலகத்திலே தேடியபோது அவ்வினா அவருக்கு மட்டும் உரியதன்று என்பதும், இன்னொரு நாட்டில் அதே வினாவுக்கு வேறு விடை கூறப்பட்டதால் மனித உயிர்கள் பறிபோயின என்பதும் தெரியவந்தன. எரியும் சுடரை யார் காவல் செய்வது என்ற பிரச்சினை இக்கருவியின் வரலாறு முழுவதிலும் தொடர்ந்து வருகிறது. அதனை முதலிலிருந்து நோக்குவதே இக்கட்டுரையின் முயற்சி.

வாயுவைக் கொண்டு நீரைச் சூடாக்கும் கருவிக்கு இரண்டு கடமைகள் உண்டு. ஒன்று, சுவாலையைப் பற்றவைத்தல். மற்றது, பற்றியது எரிந்துகொண்டே இருக்கிறதா என அறிதல். முதலாவது கண்ணுக்குத் தெரிவது. ஆதலால் எவரும் அதனையே பெரிதாகக் கருதுவர். உண்மையில் ஆபத்து முழுவதும் இரண்டாவதிலேயே தங்கியுள்ளது. எரியாத வாயு வெளியேறிக்கொண்டிருந்தால் அது காற்றுடன் கலந்து வெடிகலவையாகும். மெதேன் வாயுவுக்கு இதன் எல்லை காற்றில் ஏறத்தாழ 5 முதல் 15 விழுக்காடு. எமது வீடுகளுக்குச் சிலிண்டரில் வரும் புரோப்பேன், பியூற்றேன் ஆகியவற்றுக்கு 2 விழுக்காட்டளவிலேயே ஆபத்துத் தொடங்கிவிடும். மெதேன் காற்றை விட இலேசானது. மேலெழுந்து கலைந்துபோக இடமுண்டு. சிலிண்டர் வாயுவோ காற்றை விடக் கனமானது. தரையிலும் மூலைகளிலும் தேங்கி நிற்கும்.

1868ஆம் ஆண்டில் இலண்டனில் பெஞ்சமின் வாடி மோன் என்பவர் வீட்டுப் பாவனைக்குரிய வாயு நீர்சூடாக்கியொன்றுக்கு ஆக்கவுரிமை பெற்றார். அவர் பொறியியலாளர் அல்லர். வண்ண வேலை செய்யும் ஓவியர். ஐசுலாந்தில் நிலத்திலிருந்து பீறிட்டெழும் வெந்நீரூற்றின் பெயரைத் தம் கருவிக்குச் சூட்டி அதனைக் 'கீசர்' என அழைத்தார். இன்றும் எமது நாட்டிலும் தமிழ்நாட்டிலும் மின்னால் இயங்கும் நீர்சூடாக்கியைக் கூட அப்பெயரால் அழைப்பார் பலர். மோனின் கருவியில் எரிந்த வாயுவின் சூடு கீழிறங்கும் நீரோடு நேரடியாகக் கலந்து அதனைச் சூடாக்கியது. புகைபோக்கி கிடையாது, நீரும் வாயுவும் தனித்தனியே திறக்கப்படவேண்டும். திறக்கும் ஒழுங்கு மாறினால் கருவி வெறுமனே காய்ந்து எரியும். தீக்குச்சியைக் கொளுத்தத் தாமதித்தால் திரண்டு நின்ற வாயு ஒரே வேளையில் பற்றிக்கொள்ளும். இக்காலத்தில் சுவாலைக்குக் காவல் மனிதனின் கண்ணேயன்றி வேறில்லை. அக்கண்ணும் பெரும்பாலும் வீட்டெசமானனுடையதன்று, பணிப்பெண்ணுடையது என்பதை விக்ரோறியா காலத்து வீட்டமைப்பை அறிந்தோர் எளிதில் ஊகிப்பர்.

ஆபத்து நிறைந்த இத்தகைய கருவி அக்காலத்திலே தோன்றியமைக்கு இலண்டனின் பொருளாதார நிலையே காரணம். 1812இல் உரிமைப் பட்டயம் பெற்ற இலண்டன் வாயுக் கம்பனி நிலக்கரியிலிருந்து வாயுவைப் பிரித்தெடுத்துத் தெருவிளக்குகளுக்கு வழங்கி வந்தது. அதனைப் பின்பற்றி நகரந்தோறும் வாயுக் கம்பனிகள் எழுந்தன. ஆங்கிலேயர் ஆட்சியின்கீழ் எமது கொழும்பிலும் 1872இல் வாயு நீர்க் கம்பனி தொடங்கப்பெற்றுத் தெருவிளக்குகள் எரிந்தன. மின்விளக்கு வந்து விளக்குச் சந்தையைப் பறிக்கத் தொடங்கியதும் ஐரோப்பாவின் வாயுக் கம்பனிகள் தம் வாயுவுக்கு வேறு பயன் தேடின. சமையலும் வெந்நீரும் அவற்றின் புகலிடங்களாயின. வெப்பமண்டலத்தில் வாழும் எமக்கு வெந்நீர்ச் சந்தை பெரிதாக உருவாகவில்லை. ஆகவே இக்கருவியின் பிற்கால வரலாற்றைக் காண ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்குமே செல்லவேண்டியுள்ளது.

ஜேர்மனியில் 1894இல் றெம்சைட் நகரத்தவரான யோகான் வைலன்ற், எரிவாயுப் புகையும் நீரும் கலவாத மூடிய அமைப்புடைய குளியல் சூடாக்கியை ஆக்கினார். மறு ஆண்டில் டெசாவ் நகரில் ஹியூகோ யுங்கர்ஸ் நீர்சூடாக்கித் தொழிற்சாலையொன்றை நிறுவினார். இவர் முன்னரே வாயுவின் வெப்பப் பெறுமானத்தை அளக்கும் கலோரிமானியொன்றை அமைத்தவர். வாயு எரிந்து நீருக்கு எவ்வளவு வெப்பத்தைக் கொடுக்கிறது என்பதைத் துல்லியமாக அளக்கும் அக்கருவியே சிறு மாற்றத்துடன் குளியலறைக்குள் புகுந்தது எனலாம். நீர்சூடாக்கியால் ஈட்டிய பணத்தை அவர் விமான ஆராய்ச்சியில் இட்டார். 1915இல் முழுவதும் உலோகத்தாலான முதல் விமானம் அவருடைய கூடத்திலிருந்து பறந்தது. குளியலறைச் சுடர் உலோக விமானத்துக்குத் தாயாயிற்று என்பது தொழினுட்ப வரலாற்றின் சுவையான உறவுகளுள் ஒன்று. அமெரிக்காவில் நோர்வேயிலிருந்து குடிபெயர்ந்த எட்வின் ரூட் 1889 அளவில் பிற்ஸ்பேக் நகரில் தானியங்கி நீர்சூடாக்கியை வடிவமைத்தார்.

'தானியங்கி' என்ற சொல்லின் பொருளை இவ்விடத்துச் சற்று நின்று நோக்கவேண்டும். நீர்க்குழாயைத் திறந்ததும் நீரின் அழுத்த வேறுபாடு ஒரு மென்றகட்டை உயர்த்தும். அத்தகடு வாயு வால்வைத் திறக்கும். இதனால் நீர் இல்லாமல் வாயு வரும் ஆபத்து நீங்கிற்று. ஆனால் புதிய ஓர் ஆபத்து பிறந்தது. முன்பு வாயுவைத் திறந்தவரின் கையிலே தீக்குச்சி இருந்தது. இப்போது வேறோர் அறையில் குழாயைத் திறப்பவருக்கு அடுப்பங்கரையில் உள்ள கருவியில் என்ன நிகழ்கிறது என்பது தெரியாது. ஆகவே எந்நேரமும் எரியும் சிறு சுடரொன்று கருவிக்குள் வைக்கப்பட்டது. 'பைலற்' எனப்பட்ட இச்சுடர் பெருஞ் சுவாலைக்குத் தீக்குச்சியாக நின்றது. அது காற்றில் அணைந்து போனால் எவருக்கும் தெரியாது. பிறகு யாரோ குழாயைத் திறப்பார். வாயு எரியாமலே வெளியேறும். தானியக்கம் மனிதக் கண்ணை அகற்றிற்று. அக்கண்ணின் இடத்தில் வேறெதையும் உடனே வைக்கவில்லை. இவ்விடைவெளியே எமது பொருளின் மையம்.

முதலில் அவ்விடத்துக்கு வந்தது உலோகம். வெவ்வேறு அளவில் விரியும் இரு உலோகங்களை ஒட்டிய பட்டி சூடேறும்போது வளையும் என்பது பதினெட்டாம் நூற்றாண்டில் கடற்பயணக் கடிகாரம் அமைத்த ஜோன் ஹரிசன் காலத்திலிருந்தே தெரிந்த உண்மை. அத்தகைய பட்டியைப் பைலற் சுடரில் நீட்டிவைத்தால், சுடர் உள்ளவரை வளைந்து நின்று வால்வைத் திறந்து வைத்திருக்கும். இது எளியது, ஆயினும் மந்தமானது. நெடுநாள் வெப்பத்தில் பட்டி தளர்ந்து, வளைந்த நிலையிலேயே நின்றுவிடவும் கூடும். அந்நிலையில் சுடர் இல்லாதபோதும் காவலன் 'இருக்கிறது' என்றே சாட்சி கூறுவான்.

இரண்டு உலகப் போர்களுக்கும் இடைப்பட்ட காலத்திலிருந்து பரவலான வெப்பவிணையே உண்மையான முன்னேற்றமாகும். இரு வேறு உலோகக் கம்பிகளின் இணைப்பைச் சூடாக்கினால் மின்னியக்கம் தோன்றும் என்பதை 1821இல் சீபெக் கண்டறிந்தார். ஒரு நூற்றாண்டுக்குப் பின் அக்கண்டுபிடிப்பு குளியலறையில் வேலைக்கமர்ந்தது. பைலற் சுடரில் சூடேறும் வெப்பவிணை 20 முதல் 30 மில்லிவோற்று அளவு மின்னழுத்தத்தையே தரும். ஒரு சிறு மின்குமிழைக் கூட எரிக்க இது போதாது. ஆனால் திறந்த நிலையில் இருக்கும் வால்வொன்றைத் தாங்கிப் பிடிக்கும் மின்காந்தத்துக்கு இது போதுமானது. வெளியிலிருந்து மின்சாரம் வேண்டியதில்லை. சுடர் தன்னைக் காப்பதற்கான கூலியைத் தானே கொடுக்கிறது.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. அம்மின்காந்தம் வால்வைப் பிடித்து வைத்திருக்குமேயன்றி இழுத்துத் திறக்க வலுவற்றது. ஆதலால் பைலற்றைக் கொளுத்துபவர் ஒரு பொத்தானை அழுத்தி, வெப்பவிணை சூடேறும்வரை அரை நிமிடமளவு விரலை எடுக்காமல் நிற்கவேண்டும். அவ்வலுவின்மை குறைபாடன்று, வேண்டுமென்றே வைக்கப்பட்டது. சுடர் அணைந்தபின் கருவி தானாக மீண்டும் திறந்துகொள்ள முடியாது. மனிதன் ஒருவன் எதிரே நின்று, கண்ணாலே சுடரைக் கண்டு, விரலால் உறுதி கூறவேண்டும்.

இதனினும் முக்கியமானது வேறொன்று. வெப்பவிணை முறிந்தாலும், இணைப்புத் தளர்ந்தாலும், கரி படிந்தாலும், காந்தம் வலுவிழந்தாலும் விளைவு ஒன்றே: மின்னோட்டம் குறையும், வால்வு மூடும். காவலன் இறந்தாலும் கதவு அடைபடும். பட்டிக்கு இல்லாத இக்குணமே வெப்பவிணையை உயர்த்திற்று. ஆனால் இதனாலேயே திருத்துநருக்கு ஒரு சங்கடமும் பிறந்தது. 'சுடர் இல்லை' என்பதையும் 'சுடர் உண்டு, ஆனால் காவலன் நோயுற்றான்' என்பதையும் கருவி ஒரே மொழியிலேயே கூறுகிறது. பொத்தானை அழுத்தியிருக்கும்வரை எரிந்து, விரலை எடுத்ததும் அணையும் பைலற்றின் முன் நின்ற தலைமுறை தலைமுறையான திருத்துநர் இம்மொழியைப் பிரித்தறியக் கற்றுக்கொண்டனர். பைலற் துளையில் தூசி அடைத்து, சுடர் சிறுத்து, வெப்பவிணையின் நுனியை எட்டாதிருக்கிறதா என முதலில் பார்ப்பர். சுடர் நன்றாக அணைத்து எரிகிறதெனில் மில்லிவோற்றை அளப்பர். அதுவும் சரியெனில் மட்டுமே காந்தத்தைக் குறை கூறுவர்.

அதே வெப்பவிணைக்கு இன்னொரு கடமையும் பின்னர் கொடுக்கப்பட்டது. புகைபோக்கியற்ற சிறிய அறையில் எரியும் கருவி ஒட்சிசனைத் தின்றுகொண்டே இருக்கும். குறைந்த ஒட்சிசனில் எரியும் வாயு காபனோரொட்சைட்டைக் கக்கும். மணமும் நிறமும் அற்ற நஞ்சு அது. இதற்கென அமைக்கப்பட்ட விசேட பைலற், காற்றில் ஒட்சிசன் வழமையான 21 விழுக்காட்டிலிருந்து 18 விழுக்காட்டளவுக்கு இறங்கும்போது தன் எரிவாயை விட்டு உயர்ந்து மிதக்கத் தொடங்கும். மிதந்த சுடர் வெப்பவிணையைத் தொடாது, வால்வு மூடும். சுடரின் பலவீனத்தையே அளவுகோலாக்கிய இவ்வமைப்பு எளிமையின் உச்சம் எனலாம். ஆயின் குளியலறையில் மயங்கிக் கிடந்தவரைக் காப்பாற்றியபின் அது மறுநாள் 'அடிக்கடி அணைந்துபோகும் பழுதான கருவி' என்றே முறையிடப்பட்டிருக்கும்.

எரிபொருள் மாறும்போது காவலும் மாறவேண்டும் என்பதைப் பிரித்தானியா பெருஞ் செலவில் கற்றது. 1967 முதல் 1977 வரை அந்நாடு நிலக்கரி வாயுவைக் கைவிட்டு வடகடலின் இயற்கை வாயுவுக்கு மாறியது. பழைய வாயுவில் ஏறத்தாழ அரைவாசி ஐதரசன். அது விரைந்து எரியும். மெதேனோ மெதுவாக எரிவது. வெப்பப் பெறுமானம் ஏறத்தாழ இருமடங்கு. பழைய எரிவாயில் புதிய வாயுவை விட்டால் சுவாலை எரிவாயை விட்டெழுந்து அணைந்துவிடும். ஆகவே ஒரு கோடிக்கு மேற்பட்ட வாடிக்கையாளரின் வீடுகளுக்குத் திருத்துநர் சென்று ஒவ்வொரு அடுப்பையும் சூடாக்கியையும் மாற்றியமைத்தனர். சமாதான காலத்தில் இத்தனை வீடுகளின் கதவைத் தட்டிய தொழினுட்ப முயற்சிகள் மிகச் சிலவே.

1973இன் எண்ணெய் நெருக்கடி பைலற் சுடரின் மீதே தீர்ப்பளித்தது. ஆள் இல்லாத வீட்டிலும் இரவு பகலாக எரியும் சுடர் அதுவரை எவர் கண்ணையும் உறுத்தவில்லை. வாயு விலையேறியதும் அது வீண்செலவாகத் தோன்றிற்று. அமெரிக்காவில் மின்னிணைப்புள்ள வாயு அடுப்புகளில் இடையறாது எரியும் பைலற் 1990 முதல் சட்டத்தினால் விலக்கப்பட்டது. பைலற் போனால் தீக்குச்சி வேண்டும். அதற்கு விடை ஏற்கனவே இருந்தது. 1880இல் ஜாக் கியூரி, பியர் கியூரி சகோதரர் சில பளிங்குகளை அழுத்தினால் மின்னேற்றம் தோன்றும் எனக் கண்டிருந்தனர். இன்று அடுப்பு மூட்டும் கைக்கருவியிலே 'டக்' என்று விழும் சுத்தியல் அந்தப் பளிங்கு விளைவையே எழுப்புகிறது. நீர்சூடாக்கியில் பற்றறியால் இயங்கும் சிறு மின்சுற்று உயர் அழுத்தத் தீப்பொறியை இடைவிடாது எழுப்புகிறது. பற்றவைப்புப் பிரச்சினை இவ்வாறு எளிதில் தீர்ந்தது. காவற் பிரச்சினை முன்னரிலும் கடுமையாயிற்று. பைலற் இல்லாத கருவியில் பெருஞ் சுவாலையே நேரடியாகக் கண்காணிக்கப்படவேண்டும். அதுவும் வெப்பவிணை குளிரும் அரை நிமிடத்துக்குக் காத்திருக்காமல், ஓரிரு விநாடிகளில்.

விடை சுவாலைக்குள்ளேயே இருந்தது. மின்னேற்றப்பட்ட பொருளொன்று சுவாலையை அணுகினால் தன் கவர்ச்சியை இழக்கும் என்பதை வில்லியம் கில்பேட் 1600இல் வெளியிட்ட காந்தம் பற்றிய நூலிலே குறித்துள்ளார். சுவாலை மின்னைக் கடத்துகிறது என்பதே அதன் பொருள். காரணம் நெடுங்காலம் விளங்கவில்லை. 1882இல் ஜேர்மனியரான கீசே சுவாலையில் மின்னேற்றமுடைய துணிக்கைகள், அதாவது அயன்கள், இருப்பதாலேயே அது நிகழ்கிறது என விளக்கினார்.

இவ்விடத்தே ஒரு கிளைக்கதை கூறாமல் நகர மனமில்லை. 1900இல் சிக்காகோவில் லீ டி பொரஸ்ற் என்ற இளைஞர் தம் அறையில் தீப்பொறிக் கருவியை இயக்கியபோது அங்கிருந்த வாயு விளக்கு மங்கிப் பிரகாசித்ததைக் கண்டார். சுவாலை வானொலி அலைகளை உணர்கிறது என எண்ணி மகிழ்ந்தார். பின்னர் பார்த்தால் விளக்கை அசைத்தது தீப்பொறியின் ஓசையே! ஆயினும் சூடேறிய வாயு மின்னலைகளை உணரக்கூடும் என்ற எண்ணத்தை அவர் விடவில்லை. அவ்வெண்ணம் 1906இல் ஓடியன் என்ற வெற்றிடக் குழாயில் முடிந்தது. வானொலியின் ஒரு யுகம் அதிலிருந்து தொடங்கிற்று. தவறாக விளங்கிக்கொள்ளப்பட்ட ஒரு சுடருக்கு இத்தனை வாரிசுகள்.

நுவரெலியாவில் திருத்துநர் துடைத்த கம்பி இக்கடத்தலையே பயன்படுத்துவது. சுவாலைக்குள் நீட்டிய கம்பி ஒரு மின்வாய். எரிவாய் மற்ற மின்வாய். இரண்டுக்கும் இடையே சுவாலை பாலமாகி ஒரு சில மைக்கிரோ அம்பியர் மின்னைக் கடத்துகிறது. ஆனால் வெறுங் கடத்தலை நம்பினால் ஏமாற இடமுண்டு. கம்பியைத் தாங்கும் பீங்கானில் ஈரமோ கரியோ படிந்தாலும், கம்பி வளைந்து எரிவாயைத் தொட்டாலும் மின் கடத்தப்படும். சுவாலை இல்லாமலே 'சுவாலை உண்டு' என்ற சமிக்ஞை கிடைக்கும். இதனைத் தடுக்க வந்ததே சீராக்க முறை. கம்பிக்கு ஆடலோட்டம் கொடுக்கப்படுகிறது. எரிவாயின் பரப்பு பெரியது. கம்பியின் பரப்பு சிறியது. இச்சமமின்மையாலும், இலேசான இலத்திரனும் கனத்த அயனும் வெவ்வேறு வேகத்தில் நகர்வதாலும், சுவாலையூடாக மின் ஒரு திசையில் அதிகமாகவும் மறு திசையில் மிகக் குறைவாகவும் பாயும். கட்டுப்பாட்டுச் சுற்று இந்த ஒருதிசை ஓட்டத்தையே தேடுகிறது. ஈரமும் கரியும் இருதிசையிலும் ஒப்பவே கடத்தும்; ஆகவே அவை பொய்ச்சாட்சி கூறமுடியாது. விடுதி முதியவர் கருதியவாறு கம்பியை நேரே எரிவாயோடு முடிந்துவிட்டிருந்தாலும் கருவி ஏமாந்திராது. பெருங் கொதிகலன்களில் முதலில் இடம்பெற்ற இம்முறை திண்மநிலை மின்னணுவியல் மலிவடைந்த பின்னரே வீட்டுச் சுவருக்கு வந்தது.

அயன்கள் எங்கிருந்து வருகின்றன என்பது 1950களில் தெளிவாயிற்று. காபனும் ஐதரசனும் இணைந்த மூலக்கூற்றுத் துண்டம் ஒட்சிசன் அணுவோடு சேரும்போது ஓர் இலத்திரன் விடுபடுகிறது. ஆகவே காபன் இல்லாத எரிபொருளின் சுவாலையில் அயன்கள் மிகக் குறைவு. இன்று ஐரோப்பாவில் இயற்கை வாயுவுக்குப் பதிலாகத் தூய ஐதரசனை எரிக்க முயல்வோர் இதனால் இடர்ப்படுகின்றனர்: அக்கருவிகளில் சுவாலைக்கம்பி குருடாகிவிடுவதால் புறவூதா ஒளியை உணரும் கண்களை நாடவேண்டியுள்ளது.

கம்பிக்கு நோய் வரும் வழிகள் சிலவே. காற்றோடு வரும் தூசியும், சிலிக்கன் சேர்ந்த அழகுசாதன, துப்புரவுப் பொருள்களின் ஆவியும் எரிந்து கம்பியின் மேல் கண்ணாடி போன்ற மென்படலத்தை விடும். படலம் மின்னைத் தடுக்கும்; சமிக்ஞை குறையும்; சுற்று வாயுவை அடைக்கும். சுவாலை எழுந்து சில விநாடியில் அணைவதற்கு இதுவே பெரும்பாலும் காரணம். பீங்கான் வெடித்தாலும், எரிவாய் சரியாகப் புவித்தொடுப்புப் பெறாவிட்டாலும், வாயு அழுத்தம் மாறிச் சுவாலை கம்பியை விட்டு விலகினாலும் இதே குறிதான். அனுபவமுள்ள திருத்துநர் கேட்கும் வினாக்களின் ஒழுங்கைக் கவனித்தால், இக்கருவியின் வரலாறு முழுவதையும் அவர் சில நிமிடங்களில் நடந்து முடிப்பதைக் காணலாம். நீர் போதிய அளவு பாய்கிறதா? அது ரூட் காலத்து மென்றகடு. பொறி பறக்கிறதா, பற்றறி தளர்ந்ததா? பொறி உண்டு, தீ இல்லையெனில் வாயு வருகிறதா? தீ எழுந்து அணைகிறதெனில் மட்டுமே அவர் கம்பியிடம் வருகிறார்.

இனி அந்த மற்ற நாட்டின் கதை. ஜப்பானில் பலோமா நிறுவனம் 1980களில் விற்ற ஒருவகை உடனடி நீர்சூடாக்கி வீட்டினுள்ளே பொருத்தப்படுவது. புகையை மின்விசிறியால் வெளியேற்றுவது. விசிறி இயங்காவிட்டால் வாயுவை அடைக்கும் காவற்சுற்று அதில் இருந்தது. அச்சுற்றிருந்த பெட்டியின் பற்றாசு இணைப்புகளில் காலப்போக்கில் வெடிப்பு விழுந்தது. விளைவு யாவரும் அறிந்ததே: கருவி பற்ற மறுத்தது. குளிர்காலம், வீட்டார் முறையிட்டனர். திருத்த வந்தோரிற் சிலர் பெட்டியை மாற்றுவதற்குப் பதிலாகக் கம்பிகளைக் குறுக்கே இணைத்துக் காவற்சுற்றைக் கடந்துவிட்டனர். கருவி உடனே எரிந்தது, வெந்நீர் வந்தது, எல்லோருக்கும் திருப்தி. பின்னர் என்றோ ஒருநாள் விசிறி நின்றது. அல்லது மின்செருகி கழற்றப்பட்டிருந்தது. சுவாலை எரிந்துகொண்டே இருந்தது. காபனோரொட்சைட்டு அறையில் நிறைந்தது.

1985 முதல் 2005 வரை இவ்வகைக் கருவிகளோடு தொடர்புற்ற 28 விபத்துகளில் 21 பேர் இறந்தனர் எனக் கணக்கிடப்பட்டது. இறந்தோருள் ஒருவர் 2005 நவம்பரில் தோக்கியோவில் தம் அறையில் மாண்ட இளம் மாணவர். இருபது ஆண்டுகளில், வெவ்வேறு ஊர்களில், தனித்தனியாக நிகழ்ந்தமையால் ஒவ்வொன்றும் தனி விபத்தாகவே பதியப்பட்டது. 2006 யூலையில் அரசு விவரங்களை வெளியிட்டபோதே நாடு அவற்றை ஒருங்கே கண்டது. 2010 மே மாதத்தில் தோக்கியோ மாவட்ட நீதிமன்றம் நிறுவனத்தின் முன்னாள் தலைவரையும் முன்னாள் அதிகாரி ஒருவரையும் கவனயீனத்தால் மரணம் விளைவித்த குற்றத்துக்காகத் தண்டித்து, தண்டனையை ஒத்திவைத்தது. கம்பியை இணைத்தவர்கள் அவர்கள் அல்லர். அவ்வாறு இணைக்கப்படுகிறது என அறிந்தும் நாடெங்கும் எச்சரித்துக் கருவிகளைத் திரும்பப் பெறவில்லை என்பதே குற்றச்சாட்டு.

இத்தீர்ப்பை நியாயமானதென்றே நான் கருதுகிறேன். ஆயினும் அத்திருத்துநரைக் கொடியோராகக் காண்பதும் வரலாற்றுக்கு ஒவ்வாது. குளிரில் நடுங்கும் வீட்டாரின் முறைப்பாடு அவர்கள் காதில் விழுந்தது. கருவியின் முறைப்பாடு விழவில்லை. காவலன் தன் கடமையைச் செய்யும் வேளையிலும் அவன் நோயுற்ற வேளையிலும் கருவி ஒரே மொழியிலேயே பேசியது. அதனைப் பிரித்தறிய நேரமும் மாற்றுப் பெட்டியும் வேண்டியிருந்தன. கம்பித்துண்டு கைவசம் இருந்தது.

ஜப்பானிய அரசு நுகர்பொருட் பாதுகாப்புச் சட்டத்தைத் திருத்தியது. 2007 மே முதல் கடும் விபத்து எதுவாயினும் அதனை அறிந்த 10 நாட்களுக்குள் உற்பத்தியாளர் அரசுக்கு அறிவிக்கவேண்டும் என்றாயிற்று. 2009 ஏப்பிரலில் நடைமுறைக்கு வந்த இன்னொரு விதியின்படி வீட்டினுள் பொருத்தும் வாயு நீர்சூடாக்கி ஒவ்வொன்றிலும் அதன் வடிவமைப்புக் காலமும் சோதனைக்குரிய காலமும் 2021 வரை குறிக்கப்படவேண்டியிருந்தது.

நுவரெலியா விடுதியில் நாம் கண்ட கருவியில் அத்தகைய குறிப்பு எதுவும் இருக்கவில்லை. துடைத்த கம்பியைப் பூட்டிய திருத்துநர் குழாயைத் திறந்து, சுவாலையைக் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி இரண்டு நிமிடம் எரியவிட்டார். பிறகு மூடியின் உட்புறத்தில் அன்றைய திகதியைப் பென்சிலால் எழுதி மூடினார். அதற்கு மேலே வேறு இரண்டு திகதிகள் ஏற்கனவே எழுதப்பட்டிருந்தன.